மிட்டாய்க்காரர் ஒருவரா, இருவரா?

படம் பார்க்கும்போது, "இப்பதானே வேற சட்டை போட்டிருந்தாரு!" என்று பக்கத்தில் இருப்பவரை உசுப்பியிருக்கிறீர்களா? ஷிஃப்ட் முடிந்து வந்து டிவி முன்னால் உட்காரும் மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி நேயர்களில் பலருக்கு அப்படியொரு கழுகுக் கண் உண்டு.

அந்தக் கண்ணுக்கு இதோ ஒரு சவால்!

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி', 1955-இல் வெளிவந்த வங்காளப் படம். தோளில் பானைகள் தொங்க வருகிற மிட்டாய்க்காரரின் பின்னாலேயே துர்காவும் தம்பி அபுவும் போவார்கள். அவர்களோடு ஒரு நாயும் ஓடும்.

பணத் தட்டுப்பாட்டால் படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. திரும்பத் தொடங்கியபோது, மிட்டாய்க்காரராக நடித்தவர் உயிரோடு இல்லை. ராய் என்ன செய்தார் தெரியுமா? அதே உடல்வாகு உள்ள இன்னொருவரைத் தேடிப் பிடித்தார். அவர் பணக்கார வீட்டுக்குள் நுழைவதை, முகமே தெரியாமல் முதுகுப் பக்கமிருந்து எடுத்தார். நாயும் இடையில் செத்துப்போக, அதே சாயலில் இன்னொன்று வந்து சேர்ந்தது.

பலமுறை பார்த்தவர்களுக்குக்கூட மிட்டாய்க்காரர் மாறியது பிடிபடவில்லை என்று ராயே எழுதியிருக்கிறார்.

படம் பார்க்க வாய்த்தால், மூங்கில் தோப்பிலிருந்து வரும் மிட்டாய்க்காரரின் முகத்தையும், பணக்கார வீட்டு வாசலுக்குள் போகும் முதுகையும் கவனித்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு ஆள்!