உப்புக் காத்தும் உங்க காரும்!

வீட்டுல கார் இருக்கா பாஸ்? அதுவும் மணமேல்குடி மாதிரி கடலோர ஊர்லயா? அப்ப இது உங்களுக்குத்தான்!

கடல் காத்துல வர்ற உப்பு வண்டி மேல படிஞ்சு, ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். பெயின்ட் எங்கே பெயர்ந்திருக்கோ, அங்கே துரு ஆரம்பம். விற்கப் போனா விலையும் இறங்கும்.

தடுக்க ரெண்டு வழி. பிரேசில் நாட்டுப் பனை இலையில இருந்து எடுக்கிற கார்னோபா வாக்ஸ் ஒண்ணு. பளபளப்பு சூப்பர், ஆனா நம்ம வெயிலுக்குச் சில வாரம்தான். இன்னொண்ணு, செயற்கை பாலிமர்ல செஞ்ச பெயின்ட் சீலன்ட். சில மாசம் தாங்கும். கடலோரத்துக்கு இதுவே பெஸ்ட்.

சீலன்ட் துருவைக் குணப்படுத்தாது. அதனால, பெயர்ந்த இடத்தைச் சுத்தம் பண்ணி, முதல்ல டச்-அப் பெயின்ட் அடிச்சுக் காயவிடுங்க.

அப்புறம் நிழல்ல நிறுத்தி, ஷாம்பு போட்டுக் கழுவுங்க. போர் தண்ணி உப்பா இருந்தா, கடைசி அலசல் நல்ல தண்ணியில. துடைச்சதும், கையில பாலிதீன் பையை மாட்டித் தடவிப் பாருங்க. சொரசொரப்பா இருந்தா, க்ளே பாரை ஈரத்தோட தேய்ச்சு எடுங்க. இப்போ ஸ்பாஞ்சில சீலன்ட் தொட்டு, மெல்லிசா ஒரு கோட். லேசா வெளுத்ததும் மைக்ரோஃபைபர் துணியால துடைங்க. டப்பாவுல போட்டிருக்கிற நேரம் வரை தண்ணி படக்கூடாது.

வண்டியோட அடிப்பக்கத்துக்கு மட்டும் வாராவாரம் நல்ல தண்ணி அடிங்க. அங்கே சீலன்ட் எட்டாது.

தண்ணி தெளிச்சா முத்து முத்தா உருளுதா? சீலன்ட் உயிரோட இருக்கு. தட்டையா பரவுதா? அடுத்த கோட்டுக்கு ரெடியாகுங்க!