பல்கலைக்கழகம் போன பிள்ளையின் மனச்சுமை – வீட்டார் தெரிந்திருக்க வேண்டியவை

நமது தோட்டங்களில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் அந்த லயம் முழுவதற்கும் சந்தோசம்தான். கோயிலில் அர்ச்சனை, பாடசாலையில் மாலை எல்லாம் நடக்கும். பெட்டி கட்டி பஸ் ஏற்றிவிட்ட பிறகு, "புள்ள கெம்பசுக்குப் போயிருச்சி, இனிமே கவலையில்ல" என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. ஆனால் பல பிள்ளைகளுக்கு மனக்கஷ்டம் கூடுவது அதற்குப் பிறகுதான். முக்கியமாக முதல் வருடத்தில் கூடுதல் கவனம் தேவை.

சுமை எங்கிருந்து வருகிறது?

1. பாஷை: உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளைக்கு மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் போன்ற பீடங்களில் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். பேராதனை போன்ற இடங்களில் வெளி வேலைகளுக்கு சிங்களமும் வேண்டும். பாடசாலையில் முதலாவதாக வந்த பிள்ளை, இங்கே ஒன்றும் விளங்காமல் "எனக்குத்தான் மூளை இல்லையோ" என்று தன்னையே குறை சொல்லத் தொடங்கும்.

2. பணம்: 1981ஆம் ஆண்டு ஆரம்பமான மஹாபொல புலமைப்பரிசில் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் முதல் தவணை கைக்கு வர மாதக்கணக்கில் செல்லலாம். வீட்டில் கடன் வாங்கித்தான் அனுப்புகிறார்கள் என்று தெரிந்த பிள்ளை, காசு கேட்கக் கூச்சப்பட்டு ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடும்.

3. பகிடிவதை: 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி இது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆகவே "எல்லாரும் பட்டதுதானே, பொறுத்துக்க" என்று சொல்லாதீர்கள்.

4. நமது பேச்சு: "மழையிலயும் அட்டைக்கடியிலயும் நாங்க கொழுந்து பறிக்கிறது ஒனக்காகத்தான்" என்று அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைக்கு அந்தச் சொல் பெரும் பாரம். அப்பா அம்மாவின் உழைப்பையே வீணாக்கிவிட்டதாக நினைத்து, தவறியதை வீட்டுக்குச் சொல்லாமல் மறைக்கும். மறைக்க மறைக்க பயம் கூடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

அடிக்கடி பேசிய பிள்ளை இரண்டு வார்த்தையோடு போனை வைக்கும். லீவு விட்டும் வீட்டுக்கு வராது. வந்தால் திரும்பிப் போக மனமிருக்காது. தூக்கம் கெடும், சாப்பாடு குறையும், தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லும். சின்ன விசயத்துக்கும் எரிந்து விழும். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். இது சோம்பலுமல்ல, திமிருமல்ல. சாமி பார்ப்பதும் கயிறு கட்டுவதும் உங்கள் நம்பிக்கை. அதோடு நின்றுவிடாமல் வைத்தியரிடமும் காட்டுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* போன் எடுத்தவுடன் பெறுபேற்றைக் கேட்காதீர்கள். "சாப்பிட்டியா? நல்லா தூங்குறியா? கூட யாரு இருக்கா?" என்று கேளுங்கள்.

* பிள்ளை பேசும்போது இடையில் புத்தி சொல்லாமல் முழுவதையும் கேளுங்கள். லயத்தில் ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். எனவே கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுங்கள்.

* "ஒரு பாடம் போனா திரும்ப எழுதலாம். எங்களுக்கு நீதான் முக்கியம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதில் வைத்திருந்தால் பிள்ளைக்குத் தெரியாது.

* மாதம் எவ்வளவு அனுப்ப முடியும், எந்தத் தேதியில் அனுப்புவோம் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். கொஞ்சமாக இருந்தாலும் நிச்சயமாகத் தெரிந்தால் பிள்ளை அதற்கேற்ப சமாளிக்கும்.

* பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசகர்களாக விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கத்து மூத்த மாணவர் ஒருவரின் போன் நம்பரையும் வாங்கி வைத்திருங்கள்.

அவசரமான நேரம்

"நான் இல்லாட்டி நல்லது", "செத்துப் போகலாம் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள், திட்டவும் வேண்டாம். "சாகணும்னு நினைக்கிறியா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வராது. மனதில் இருப்பதைக் கொட்ட வழி கிடைக்கும். உடனே விடுதிப் பொறுப்பாளருக்கோ கூட இருக்கும் நண்பருக்கோ அறிவித்து, தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளையும் பேசலாம், பெற்றோரும் பேசலாம். அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கும் கொண்டு போகலாம்.

மனம் சோர்ந்த பிள்ளை படிப்பை விட்டு வந்து, காரணத்தைச் சொல்லாமலே கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய்விடுவதும் நடக்கிறது. அந்த நிலை வருமுன் நலன்புரி உத்தியோகத்தரான எம்மிடம் வாருங்கள். நீங்கள் சொல்வதை அடுத்தவர் காதுக்குப் போக விடமாட்டோம். பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதவும், வைத்தியரிடம் கூட வரவும் நாம் ஆயத்தமாக இருக்கிறோம். இந்த வாரம் உங்கள் பிள்ளைக்குப் போன் எடுக்கும்போது, படிப்பைப் பற்றி ஒன்றும் கேட்காமல் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள்.