வழுவும் வழுவமைதியும்: இயற்பியல் புதிர் விளையாட்டுகளில் பிழைதிருத்தம்

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு 'வழு' என்பது பழகிய சொல். கட்டற்ற மென்பொருள் துறையில் உழைக்கும் தமிழர் இச்சொல்லையே எடுத்துக் கணினி நிரலின் பிழைக்கும் பெயராக வழங்கினர். விளையாடுவோர் நாவில் பயிலும் 'கிளிட்ச்' என்னும் சொல்லும், வழுக்குதல் என்னும் பொருளுடைய இத்திஷ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்று அகராதியாளர் பலர் கருதுகின்றனர். தமிழில் வழு, வழுவு, வழுக்கு ஆகியவை ஒரே வேரின் கிளைகள். நெறியினின்று சறுக்குவதே பிழை என்னும் எண்ணம் இரண்டு மொழிகளுக்கும் பொதுவாக இருப்பதைக் காண்கிறோம்.

ஆயினும் நம் இலக்கணம் வழுவோடு நின்றுவிடவில்லை. வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாகப் பகுத்தது. வழுவமைதி என்பது, பிழையே ஆயினும் தக்க காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படுவது. வீட்டைவிட்டு இன்னும் புறப்படாத ஒருவர், 'இதோ வந்துவிட்டேன்' என்கிறார். எதிர்காலச் செயல் இறந்தகாலத்தில் சொல்லப்படுகிறது. விரைவு கருதி இலக்கணம் அதனை அமைத்துக்கொள்கிறது. இயற்பியல் விதிகளைப் பின்பற்றி இயங்கும் புதிர் விளையாட்டுகளில் தோன்றும் பிழைகளையும் அவற்றைத் திருத்தும் முறைகளையும் விளக்குவதற்கு இம்மூன்று பகுப்பும் பெரிதும் துணைசெய்கின்றன.

புதிர் தரும் வாக்குறுதி

பின்லாந்து நாட்டின் ரோவியோ நிறுவனம் 2009 டிசம்பரில் 'ஆங்ரி பேர்ட்ஸ்' விளையாட்டை வெளியிட்டது. கவணில் வைத்து எய்யப்படும் பறவை, மரத்தாலும் கல்லாலும் அடுக்கிய கட்டடத்தைச் சரிக்கிறது. எந்தப் பலகை எப்படி விழும் என்று எவரும் முன்கூட்டியே வரைந்து வைப்பதில்லை. எடை, வேகம், உராய்வு ஆகியவற்றைக் கொண்டு அவ்வப்பொழுது கணக்கிடுவது 'பாக்ஸ்2டி' என்னும் இயற்பியல் பொறி. எரின் கேட்டோ என்பவர் எழுதி 2007இல் இலவசமாக வெளியிட்ட நிரல் அது. 'யூனிட்டி' மென்பொருளின் இருபரிமாண இயற்பியலும் அதனையே அடிப்படையாகக் கொண்டது. ஆதலால், யூனிட்டியில் தட்டையான விளையாட்டு ஒன்றை உருவாக்கிப் பழகும் மாணவரும் அப்பொறியையே கையாள்கிறார்.

புதிர் என்பது ஒரு வாக்குறுதி. ஒரே செயலுக்கு ஒரே விளைவு உண்டு என்பதே அவ்வாக்குறுதி. சரியான விடை கருவியின் கோளாற்றால் தோற்று, தவறான விடை தற்செயலாக வென்றால், விளையாடும் பிள்ளை சிந்திப்பதைக் கைவிட்டு அதிர்ஷ்டத்தை நம்பத் தொடங்கும். எனவே இங்குப் பிழைதிருத்தம் அழகைச் சார்ந்தது மட்டும் அன்று, நேர்மையைச் சார்ந்தது.

கால வழு

இலக்கணத்தில் கால வழு என்பது வினைச்சொல்லின் காலம் மயங்குவது. இங்கே விளையாட்டின் கடிகாரமே மயங்குகிறது. இயற்கையில் காலம் இடையறாது ஓடுகிறது. கணினியிலோ அது படிப்படியாக நகர்கிறது. நொடிக்கு 60 படிகள் என்பது பாக்ஸ்2டி போன்ற பொறிகளுக்கு ஏற்ற அளவு. திரையில் ஒரு படச்சட்டம் வரையும்போதெல்லாம் ஒரு படி நகர்த்துமாறு நிரல் எழுதினால், நொடிக்கு 120 சட்டங்கள் காட்டும் கைப்பேசியில் விளையாட்டு இருமடங்கு வேகத்தில் ஓடும். பழைய கைப்பேசியில் தவழும். ஒவ்வொரு சட்டத்திற்கும் ஆன நேரத்தையே படியின் நீளமாகக் கொண்டாலும் இடர் தீராது. படிகள் சீரற்றுப்போக, ஒரே அளவு இழுத்துவிட்ட பறவை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழும்.

தீர்வு, வரைதலையும் கணக்கிடுதலையும் பிரிப்பது. கடந்த நேரத்தைச் சேமிப்பில் இட்டு, அதிலிருந்து மாறாத அளவுள்ள படிகளாக எடுத்துச் செலவிட வேண்டும். எஞ்சியதை அடுத்த சட்டத்திற்கு எடுத்துச்செல்ல வேண்டும். யூனிட்டியில் இப்படியின் இயல்பான அளவு 0.02 நொடி, விசை செலுத்தும் கட்டளைகளை 'ஃபிக்ஸ்ட் அப்டேட்' பகுதியில் எழுதினால் அவ்வளவு மாறாது. நிரலைத் தொட இயலாத விளையாட்டாளர், அமைப்புகளில் வசதி இருப்பின் படச்சட்ட வேகத்தை 60இல் நிறுத்தலாம். பின்னணியில் ஓடும் பிற செயலிகளை மூடலாம். புதிய பதிப்பு வந்திருந்தால் நிறுவலாம்.

ஊடுருவல்

வேகமாக வந்த பந்து பலகையை உடைக்காமல், மோதாமல், மறுபக்கம் போய் நிற்பது அடுத்த பிழை. கணக்கிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் செல்லும் பந்து ஒரு படிக்குள் அரை மீட்டர் கடக்கிறது. பந்தின் விட்டமும் பலகையின் தடிப்பும் 10 சென்டிமீட்டர் எனின், இரண்டும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் தொலைவு 20 சென்டிமீட்டர் மட்டுமே. 50 சென்டிமீட்டர் எட்டு வைப்பது அந்த 20ஐத் தாண்டிச் செல்லக்கூடும். முதற்படியில் பந்து இப்புறம். அடுத்த படியில் அப்புறம். மோதல் நிகழ்ந்ததாகக் கணினி அறிவதே இல்லை.

நிற்கும் இடங்களை மட்டும் பாராமல் இடைப்பட்ட வழியையும் சோதிக்கச் செய்வதே இதற்கு மருந்து. பாக்ஸ்2டியின் இரண்டாம் பதிப்பு அசையாச் சுவர்களுக்கு இச்சோதனையைத் தானே செய்கிறது. அசையும் பொருள்கள் இரண்டு மோதும்போது வேலைப்பளுவைக் குறைக்கும் பொருட்டு அதனை விட்டுவிடுகிறது. விரைந்து செல்லும் பொருளுக்குப் 'புல்லட்' என்னும் குறியை நாம் இடவேண்டும். யூனிட்டியில் மோதல் கண்டறியும் முறையை 'டிஸ்கிரீட்' என்பதிலிருந்து 'கன்டினியூவஸ்' என்பதற்கு மாற்ற வேண்டும். எல்லாப் பொருள்களுக்கும் இவ்வாறு செய்தால் கணக்கு மிகுந்து, ஆட்டம் திணறும். தேவையானவற்றுக்கு மட்டும் செய்வதும், இயன்ற இடத்தில் பலகையைத் தடிப்பாக்குவதும் சிறந்தவை.

நடுக்கமும் அதன் அமைதியும்

எவரும் தொடாத பெட்டி அடுக்கு தானே நடுங்கிச் சரிவதைப் பலரும் கண்டிருப்பர். புவியீர்ப்பு ஒவ்வொரு படியிலும் மேற்பெட்டியைக் கீழ்ப்பெட்டிக்குள் மயிரிழை அளவு அழுத்துகிறது. பொறி அதனை வெளியே தள்ளுகிறது. அடுத்த படியில் மீண்டும் அழுத்தம். துல்லியத்தை விடாப்பிடியாக நாடுவதாலேயே நடுக்கம் ஓயாமல் தொடர்கிறது. எனவே பாக்ஸ்2டியின் இரண்டாம் பதிப்பு, பொருள்கள் ஒன்றினுள் ஒன்று அரை சென்டிமீட்டர் புதைந்திருக்க இசைவளிக்கிறது. ஏறத்தாழ அசையாமல் அரை நொடி கிடந்த பொருளை உறங்கச் செய்து, வேறொன்று மோதும்வரை அதன் கணக்கை நிறுத்திவைக்கிறது.

இயற்கையில் கல்லுக்குள் கல் புதைவதில்லை. கிடக்கும் கல்லைப் புவியீர்ப்பு மறப்பதுமில்லை. இயற்பியல் விதிப்படி இவ்விரண்டும் வழுக்களே. ஆயினும் அடுக்கு நிலைத்து நிற்பதற்காக, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏற்கப்பட்டவை. இவற்றை வழுவமைதி என்றே நாம் சொல்லலாம்.

இவற்றுக்குப் பிறகும் நடுக்கம் நீங்காவிடில் எடையைப் பார்க்கவேண்டும். இலேசான பொருளின்மேல் அதனைப்போல் பத்து மடங்குக்கும் மிகுந்த எடையை ஏற்றினால் நிலைப்பாடு தளரும். எடை வேறுபாட்டைக் குறைக்கலாம். ஒவ்வொரு படியிலும் பொறி தன் கணக்கைச் சரிபார்க்கும் சுற்றுகளைக் கூட்டலாம். அளவையும் கருதவேண்டும். அசையும் பொருள்கள் 0.1 மீட்டர் முதல் 10 மீட்டர் வரை இருப்பது பாக்ஸ்2டிக்கு உகந்தது. புதிதாகப் பழகுவோர் திரையின் ஒரு புள்ளியை ஒரு மீட்டராகக் கொண்டுவிட்டால், 100 புள்ளிப் பெட்டி 100 மீட்டர்க் கட்டடமாகிவிடும். கட்டடத்துக்குரிய மெதுவான வீழ்ச்சியே திரையில் தெரியும். 50 புள்ளிகளை ஒரு மீட்டராகக் கொண்டால் இக்குறை தீரும்.

அமைதிக்கு எல்லை

தசம எண்ணாகிய 0.1ஐ இரும எண்முறையில் முற்றும் துல்லியமாக எழுத இயலாது. ஆதலால் ஒவ்வொரு படியிலும் நுண்ணிய பிசகு சேர்கிறது. கருவிக்குக் கருவி அது வேறுபடவும் கூடும். மயிரிழை நுட்பத்தில் விடை அமைந்த புதிர் ஒரு கைப்பேசியில் தீர்ந்து மற்றொன்றில் தீராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நிரலைத் திருத்துவதைவிடப் புதிரைத் திருத்துவதே இங்கு எளிது. விடை பொருந்தும் இடைவெளியைச் சற்று அகலமாக வைத்தால், கருவியின் பிசகு விளையாடுபவரைத் தண்டிக்காது.

பேசுவோன் விரும்பியதையெல்லாம் இலக்கணம் வழுவமைதியாக ஏற்பதில்லை, காரணம் கேட்கிறது. விளையாட்டிலும் அவ்வாறே கேட்கவேண்டும். அரை சென்டிமீட்டர் புதைவு, ஒரே செயலுக்கு ஒரே விளைவு என்னும் வாக்குறுதியைக் காக்கிறது, ஆகவே அமையும். பலகையை ஊடுருவும் பந்து அவ்வாக்குறுதியை உடைக்கிறது, ஆகவே அமையாது.

பிழையை உருவாக்குநருக்குத் தெரிவிக்கும்போதும் இவ்வேறுபாடு பயன்படும். 'ஆட்டம் கெட்டுவிட்டது' என்னும் முறையீட்டைக் கொண்டு எவராலும் எதையும் திருத்த முடியாது. எக்கருவியில், எந்நிலையில், எத்தனை முறை நிகழ்ந்தது என்றும், வேகம் மாறியதா, பொருள் ஊடுருவியதா, அடுக்கு நடுங்கியதா என்றும் பிரித்துச் சொன்னால் திருத்துவோர் காரணத்தை விரைந்து அடைவர். அவ்வாறு பிரித்துச் சொல்வதற்கு வேண்டிய சொற்கள் நம் மொழியில் இருக்கின்றன. விளையாட்டுகளை உருவாக்கும் நம் மாணவர் அவற்றை எடுத்தாளத் தொடங்கவேண்டும்.