நடனத் திரைப்படத்தில் படத்தொகுப்பு

நடனத் திரைப்படத்தில் படத்தொகுப்பு என்பது, படமாக்கப்பட்ட அசைவுகளை வெட்டியும் இணைத்தும், மேடையில் நிகழ்த்த இயலாத ஒரு நடனத்தை உருவாக்கும் முறையாகும். அசைவுகளின் வரிசை, நீளம், இடம் ஆகியவற்றைத் தொகுப்பாளர் தீர்மானிப்பதால் இது நடன அமைப்பின் ஒரு வடிவமாகவும் கருதப்படுகிறது.

இதற்கு முன்னோடியான எடுத்துக்காட்டு, அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் மாயா டெரன் (1917–1961) 1945-இல் வெளியிட்ட "எ ஸ்டடி இன் கோரியோகிராஃபி ஃபார் கேமரா" என்னும் குறும்படமாகும். கறுப்பு வெள்ளையில் அமைந்த, ஒலியற்ற இப்படம் சில நிமிடங்களே ஓடக்கூடியது. இதில் டாலி பீட்டி என்ற நடனக் கலைஞர் தனியாக ஆடுகிறார்.

அசைவின் நடுவே வெட்டுதல்

ஓர் அசைவு முடியும் முன்னரே காட்சியை வெட்டி, அதே அசைவின் மீதியை வேறோர் இடத்தில் தொடரச் செய்வது இம்முறையின் அடிப்படையாகும். இப்படத்தில் பீட்டி காட்டில் காலைத் தூக்குகிறார். அக்கால் ஒரு வீட்டின் அறைக்குள் ஊன்றப்படுகிறது. அங்கிருந்து நடனம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திற்குச் செல்கிறது. காலின் திசையும் வேகமும் இரு காட்சிகளிலும் பொருந்துவதால், பார்ப்பவர் இதனை ஒரே அடியாகவே உணர்கிறார். இடங்களுக்கு இடையிலான தொலைவு மறைந்துவிடுகிறது.

காலத்தை நீட்டுதல்

உடலின் புவியீர்ப்பு மையத்தை அரை மீட்டர் உயர்த்தித் தாவும் ஒருவர், ஏறத்தாழ 0.64 நொடி மட்டுமே தரையைத் தொடாமல் இருக்க முடியும். இத்தாவலை நொடிக்கு 48 சட்டகங்கள் வீதம் பதிவு செய்து, 24 சட்டகங்கள் வீதம் திரையிட்டால் அது ஏறத்தாழ 1.3 நொடியாக நீளும். எழுதல், மிதத்தல், இறங்குதல் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து இணைத்தால் மேலும் நீட்டலாம். டெரனின் படத்தில் வரும் இறுதித் தாவல் இவ்வாறு பல துண்டுகளால் ஆனது. எந்த மனிதராலும் அவ்வளவு நேரம் தாவ இயலாது. எனினும் ஒவ்வொரு துண்டிலும் உள்ள அசைவு பீட்டியின் உடல் செய்ததேயாகும்.

மாற்று அணுகுமுறை

படத்தொகுப்பின் இத்தகைய தலையீட்டை அனைவரும் விரும்பியதில்லை. ஹாலிவுட் நடிகரும் நடனக் கலைஞருமான ஃபிரெட் அஸ்டெயர், தம் முழு உடலும் சட்டகத்தில் தெரிய வேண்டும் எனவும், வெட்டுகள் இயன்றவரை குறைவாக இருக்க வேண்டும் எனவும் வலியுறுத்தினார். இம்முறையில் ஆடுபவரின் திறமையைப் பார்வையாளர் நேரடியாக மதிப்பிட முடிகிறது. மாறாக, அடிக்கடி வெட்டப்படும் நடனக் காட்சியில் ஆடுபவரின் குறையும் நிறையும் ஒருங்கே மறையக்கூடும்.

படைப்புரிமை

ஆடியவர் ஒருவர், அசைவுகளைக் கோர்த்தவர் மற்றொருவர் என்னும்போது நடனத்தை உருவாக்கியவர் யார் என்ற கேள்வி எழுகிறது. இந்நடனத்தைப் படத்திற்கு வெளியே முழுமையாக நிகழ்த்த முடியாது என்பது டெரனின் விளக்கமாகும். ஆயினும் பீட்டியின் உடல் இன்றி அவர் வெட்டி இணைக்க எதுவும் இருந்திராது. படத்தின் தலைப்பில் டெரன், பீட்டி ஆகிய இருவரின் பெயர்களும் படைப்பாளர்களாக இடம்பெறுகின்றன.