வாளுக்கு முன் கம்பு

மணப்பாட்டு மணற்குன்றின்மீது திருச்சிலுவை ஆலயம் கடலை நோக்கி நிற்கின்றது. அக்குன்றின் அடியில், அலை வாங்கியபின் ஈரத்தால் இறுகிக் கிடக்கும் மணற்பரப்பினும் தேகப்பயிற்சிக்கு ஏற்ற களம் கிடைப்பது அரிது. இக்கரையிலிருந்து கல்லூரிக்கு வரும் இளைஞர் சிலர், ஜப்பானியரின் வாட்பயிற்சியைத் திரைப்படங்களிற் கண்டு, தாமும் ஒரு வாள் வாங்கிப் பழக விழைகின்றனர். 'எவ்வகை வாளை வாங்கலாம்?' என்பது அவர்தம் வினா. அதற்கு விடையளிக்கவே இச்சிறு கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

முதற்கண் ஜப்பானியர் செய்வதையே நோக்குவோம். அந்நாட்டில் மாணவன் கையில் கூரிய எஃகு வாளை எடுத்த எடுப்பில் ஒருவரும் கொடுப்பதில்லை. பொக்கென் என்னும் மரவாள் உளது. அது கருவாலி மரத்தாற் செய்யப்பெற்று ஏறக்குறைய 102 செண்டிமீட்டர் நீளமுடையது. சினாய் என்னும் மூங்கில் வாளும் உளது. நான்கு மூங்கிற் பத்தைகளைச் சேர்த்துத் தோலாற் பிணித்தது அது. கெண்டோப் போட்டியில் வயது வந்த ஆடவர் ஏந்தும் சினாய் 120 செண்டிமீட்டருக்கு மேற்படலாகாது. 510 கிராமுக்குக் குறையலுமாகாது. இயாய்தோ எனப்படுவது துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகத்தாலாய முனை மழுங்கிய வாள். அதனைத் தனித்து நின்று உருவியும் உறையிலிட்டும் பழகலாமேயன்றி, மற்றொரு வாளோடு மோதலாகாது. 1612ஆம் ஆண்டிலே கன்ரியூ தீவில் சசாக்கி கோஜிரோவை எதிர்த்த மியாமோத்தோ முசாஷி, படகின் துடுப்பொன்றைச் செதுக்கி மரவாளாக்கிக்கொண்டு வென்றான் என அவர்தம் மரபு கூறும். துடுப்பின் அருமையைக் கடற்கரை மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, கடைகளில் அழகுக்காக விற்கப்படும் வாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை சுவரில் மாட்டுதற்கே உரியன. அவற்றுட் பலவற்றில், கைப்பிடிக்குள் நுழையும் இரும்புக் காம்பு மெலிந்தும் குறுகியும் இருக்கும். விசையோடு வீசுங்கால் அலகு கழன்று பறந்து அருகில் நிற்போரைத் தாக்கக்கூடும். மேலும், உப்புக்காற்று ஓயாது வீசும் நம் கரையில் எஃகு விரைவில் துருவேறும். நாள்தோறும் துடைத்து எண்ணெயிடாவிடில் பளபளப்பும் வலிமையும் ஒருங்கே கெடும்.

அவ்வாறாயின் நாம் எதனை எடுத்துப் பழகுவது? விடை நம் வீட்டு வாயிலிலேயே உளது. நம் முன்னோர் போற்றிய சிலம்பத்தில் கம்பே முதற்பாடம். அதில் தேறியபின்னரே வாள், சுருள்வாள், மான்கொம்பு முதலியன கைக்கு வரும். 2024ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றமை யாவரும் அறிந்ததே. ஆதலின் கம்பைத் தேரும் முறையைச் சிறிது விரித்துரைப்போம்.

நீளம்: கம்பை நிலத்தில் நிறுத்தினால் அதன் தலை பயில்வோன் நெற்றியைத் தொடுதல் வேண்டும். நன்கு வளர்ந்த ஆடவனுக்கு இது ஏறத்தாழ ஐந்தரை அடியாகும். வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்குத் தமையனின் கம்பை அளித்தல் தவறு. நீண்ட கம்பு தோளை வருத்தும், சுழற்றுங்கால் நிலத்திலும் இடறும்.

பருமன்: கைக்குள் அடங்கிப் பிடித்தால் விரல்நுனி பெருவிரலை அணுகுதல் நன்று. நடுவை ஒரு விரல்மீது வைத்து நிறுத்திப் பார்க்க. ஒருபுறம் மிகச் சாயுமாயின் அது சுழற்சிக்கு உதவாது.

பொருள்: பிரம்பு, மூங்கில் இரண்டும் வழக்கிலுள்ளன. பிரம்பு வளைந்து கொடுக்கும். அடிபட்டால் நாராகப் பிரியுமேயன்றிக் கூரிய சிராயாகப் பிளவுபடாது. ஆதலால் இருவர் மோதிப் பழகுதற்குத் தொடக்கத்தில் அதுவே ஏற்றது. கல்மூங்கில் உட்பொந்து மிகச் சிறியதாய்க் கனத்திருத்தலின், தேறியவர்க்கே பொருந்தும். நம் பக்கத்தில் மலிந்த பனங்கையைச் சீவிக் கம்பாக்குவோரும் உளர். பனங்கை கூரையைத் தாங்குதற்கு நிகரற்றது. ஆனால் அதன் கரிய நார் ஊசிபோற் கிளம்பிக் கையிற் பாயும். அது நமக்கு வேண்டா.

வாங்குமுன் கம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து நோக்குக. சிறு கோணலைத் தீயில் வாட்டி நிமிர்த்தலாம். நகத்தாற் சுண்டிக் கேட்குக. மங்கிய ஓசை வெடிப்பைக் காட்டும். தரையில் தட்டுக; வெண்பொடி உதிருமாயின் அஃது உளுத்த மூங்கில், எவ்வளவு மலிவாயினும் தள்ளுக. மூங்கிலிலுள்ள மாவுச்சத்தே வண்டினத்தை ஈர்க்கின்றது. வெட்டிய மூங்கிலைச் சில வாரங்கள் நீரில் ஊறவைத்தால் அச்சத்துக் கரைந்து உளுப்புக் குறையும். ஊறிய கம்பை நீர்ப்பரப்பில் அடித்து உரமேற்றுதல் சிலம்பத்தாரின் பழைய வழக்கம். நுனிகள் சிதையாவண்ணம் உலோகப் பூண் இடுதலும் உண்டு. எனினும் பிறரோடு பழகும் கம்புக்குப் பூண் வேண்டா என்பதே எம் கருத்து.

இத்துணையும் கூறியது கம்பின்மேல் உள்ள மோகத்தாலன்று. பயிற்சிக்குரிய கருவியைத் தேர்வோன் தன்னை மட்டும் கருதுகின்றானல்லன். தன் எதிரே நிற்கும் தோழனின் கண்ணையும் கருதுகின்றான். கெண்டோ பயில்வோர் கம்பிவலை பொருந்திய முகக்கவசம் அணிந்தும், ஒவ்வொரு நாளும் சினாயின் பத்தைகளைத் தடவிப் பார்க்கின்றனர். ஏனெனில் உடைந்த மூங்கிற் சிம்பு அவ்வலையினூடும் புகவல்லது. சிலம்பத்தில் அக்கவசமும் பெரும்பாலும் இராது. நம் ஆட்டத்தில் கம்பின் நுனியில் நீறு தடவி, எதிரியின் உடலில் பட்ட பொட்டுக்களை எண்ணி வெற்றி காணும் முறை உண்டு. தொடுதலே வெற்றியாகும்போது காயப்படுத்துதல் எற்றுக்கு?

ஆகவே, நண்பர்காள், வாள் வாங்கச் சேர்த்த பணத்தை இப்போதைக்குப் பத்திரமாக வைத்திருங்கள். நெற்றியளவு உயர்ந்த ஒரு நல்ல பிரம்பைத் தேடிக்கொண்டு, அறிந்த ஆசானொருவரை அடையுங்கள். ஒவ்வொரு மாலையும் களத்தில் இறங்குமுன் அதனை அடிமுதல் நுனிவரை கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். அப்பழக்கம் உங்களிடத்து நிலைபெற்ற பின்னர் வாளைப் பற்றிப் பேசலாம். அதுவரை கம்பே உங்கள் வாளாகுக.