நாவல்பழத்துக்கு உப்பு, ரியோஹாவுக்கு ஆட்டுக்கறி

ஆனி, ஆடி வந்தால் தாம்பரம் மார்க்கெட் பக்கம் நாவல்பழம் கூறு கட்டி வைத்திருப்பார்கள். வாயில் போட்டால் நாக்கு ஊதாவாகும், கன்னத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும். ஒரு சிட்டிகை உப்பைத் தொட்டுக்கொண்டு தின்றால் அந்தப் பிடிப்பு தளர்ந்து, பழத்தின் இனிப்பு மேலே வரும். அந்தப் பிடிப்புக்கு நம்மிடம் துவர்ப்பு என்று அழகான சொல் இருக்கிறது. ஸ்பெயினின் சிவப்பு ஒயினைப் புரிந்துகொள்ள இந்தச் சொல்லே பாதி வழி கொண்டுபோய்விடும்.

ஒயினில் துவர்ப்பைத் தருவது திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின். அது எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, வழுவழுப்பு போய் வாய் வறண்டதுபோல் ஆகிறது. பால் விடாத கடுந்தேநீரிலும் இதேதான் நடக்கிறது. பால் சேர்ந்ததும் டானின் பால்புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, டீ மென்மையாகிறது. ஒயினோடு கறி சாப்பிடுவதன் சூட்சுமமும் இதுதான்.

நம் ஊரில் 'ஒயின்ஷாப்' என்ற சொல் தெரியாதவர் இல்லை. அங்கே அதிகம் விற்பதோ பிராந்தியும் பீரும். இறக்குமதி ஒயின் வேண்டுமென்றால் டாஸ்மாக்கின் எலைட் கடைகளுக்குத்தான் போக வேண்டும். ஸ்பெயின் புட்டி கிடைத்தால் அதில் தேட வேண்டிய பெயர்கள் இரண்டு: ரியோஹா, டெம்ப்ரனியோ. முன்னது வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றையொட்டிய நிலப்பகுதி. பின்னது அங்கே விளையும் கருந்திராட்சை. 'டெம்ப்ரானோ' என்றால் ஸ்பானிய மொழியில் 'சீக்கிரம்'. மற்ற ரகங்களுக்கு முன்பே பழுத்துவிடுவதால் வந்த பெயர்.

ரியோஹாவில் ஹாரோ என்று ஒரு சிற்றூர். 1931-ல் மின்சார ரயில் வந்தபின் தாம்பரம் வளர்ந்ததுபோல, 1860-களில் வந்த ரயில்தான் ஹாரோவையும் தூக்கி நிறுத்தியது. அதே காலத்தில் ஃபிலாக்ஸெரா என்ற, வேரைத் தாக்கும் அசுவினி போன்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. சரக்கு தேடி பிரெஞ்சு வியாபாரிகள் ரியோஹாவுக்கு வந்தார்கள். பீப்பாய்களை ரயிலேற்ற வசதியாக ஸ்டேஷனைச் சுற்றியே ஒயின் ஆலைகள் எழுந்தன. 1877-ல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா, 1890-ல் தொடங்கிய லா ரியோஹா ஆல்டா இரண்டும் இன்றும் அங்கேயே இயங்குகின்றன. அந்தப் பகுதிக்குப் பெயரே 'ஸ்டேஷன் பேட்டை'தான்.

பீப்பாய் விஷயத்தில் ரியோஹா தனி வழி போனது. பிரெஞ்சு ஓக்கைவிட அமெரிக்க ஓக் மரத்தையே அங்கே அதிகம் பயன்படுத்தினார்கள். அந்த மரத்தில் லாக்டோன் என்ற வாசனைப் பொருள் கூடுதல். அதனால் பழைய பாணி ரியோஹாவை முகர்ந்தால் செர்ரிப் பழ வாசனைக்குப் பின்னால் வெனிலாவும், நன்கு காய்ந்த கொப்பரையை உடைத்ததுபோல் தேங்காய் மணமும் வரும். தமிழ் மூக்கு இதைத் தவறவிடாது. லேபிளில் 'கிரியான்சா' என்றிருந்தால் குறைந்தது 2 ஆண்டு முதிர்ந்தது, 'ரெசர்வா' 3 ஆண்டு, 'கிரான் ரெசர்வா' 5 ஆண்டு. முதிர முதிரத் துவர்ப்பு தணியும்.

ரியோஹாக்காரர்கள் கவாத்து செய்த திராட்சைக் கொடிகளை எரித்து, அந்தத் தணலில் ஆட்டுக்குட்டி விலாக்கறியை உப்பு மட்டும் போட்டுச் சுடுகிறார்கள். நம் சமையலில் இதற்கு மிக நெருங்கியது மிளகு தூக்கலாகப் போட்ட மட்டன் சுக்கா. கறியின் கொழுப்பும் உப்பும் துவர்ப்பை அடக்கிவிடும். பல்லாவரம், பரங்கிமலை ஆங்கிலோ இந்தியர் வீடுகளின் மஞ்சள் தேங்காய்ப்பால் சோறும் கொத்துக்கறி உருண்டைக் குழம்பும் இன்னும் பொருத்தம். ஓக்கின் தேங்காய் மணம் சோற்றோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். சைவர்களுக்குச் சேனைக்கிழங்கு வறுவலும் காளான் மிளகு வறுவலும் உண்டு.

சிக்கன் 65-ஐத் தள்ளி வைப்பது நல்லது. இந்த ஒயினில் ஆல்கஹால் 13, 14 சதவீதம். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் மேலும் கிளப்பிவிடும். புளிக்குழம்போடு சேர்த்தால் ஒயின் சப்பென்று போய்விடும், அதன் புளிப்பு அவ்வளவு வலுவானதல்ல. கோவளத்து வஞ்சிரம் வறுவலும் வேண்டாம். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்துதான் கடலுணவோடு சேரும்போது கவுச்சியைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ல் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கடைசியாக, வெயில். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்பது ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளுக்கான விதி. 16 முதல் 18 டிகிரிதான் கணக்கு. சித்திரையில் தாம்பரத்து மொட்டைமாடி வீட்டில் புட்டியே 35 டிகிரியில் இருக்கும். அப்படியே ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். ஃப்ரிட்ஜில் வைத்து அந்தக் கணக்குக்குக் குளிரவைத்து எடுத்தால் நெடி அடங்கி, அந்தக் கொப்பரை மணம் திரும்ப வரும்.