மக்காச்சோளத்தை மிரட்டும் கீரை!

தண்டுக்கீரை பொரியல் சாப்பிட்டிருப்பீர்கள். அந்தக் கீரைக்கு, அமெரிக்காவில் ஒரு முரட்டுச் சொந்தம் இருக்கிறது. அதன் பெயர், பால்மர் அமரந்த். இந்தப் பெயரைக் கேட்டாலே அங்குள்ள மக்காச்சோள விவசாயிகள் கவலைப்படுகின்றனர்.

விதைக்காமலே முளைத்து, பயிருடன் போட்டி போடும் செடிகளை களை என்கிறோம். வயலில் உள்ள தண்ணீரும், உரமும், சூரிய ஒளியும் ஓரளவுதான். களை பங்குக்கு வந்துவிட்டால், பயிர் பட்டினி கிடக்க வேண்டியதுதான்!

பால்மர் அமரந்த், கோடையில் ஒரே நாளில் 5 செ.மீ., வரை வளரும். 2 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, பயிர் மீது வெயில் படாமல் மறைத்துவிடும். ஒரே செடி, லட்சக்கணக்கான விதைகளை உதிர்க்கும்.

இதனால் எவ்வளவு நஷ்டம்? கான்சாஸ் மாநிலத்தில் செய்த சோதனையின் முடிவு, 2001ல் வெளியானது. மக்காச்சோளத்துடன் சேர்ந்து முளைத்த களை, 2 மீட்டர் வரிசைக்கு ஒன்று இருந்தபோது, விளைச்சல் 11 சதவீதம் குறைந்தது. மீட்டருக்கு 8 செடிகள் இருந்தபோது, 91 சதவீதம் குறைந்தது. 100 மூட்டை கிடைக்க வேண்டிய இடத்தில், 9 மூட்டைதான்!

அதே களை, பயிர் சில இலைகள் விட்ட பின் முளைத்தால், இழப்பு 7 முதல் 35 சதவீதம்தான். முந்தி வளர்ந்த மக்காச்சோளம், இலைகளை விரித்து தரையில் நிழல் பரப்பிவிடும். பிந்தி வந்த களைக்கு வெயில் கிடைக்காது.

மக்காச்சோள நாற்றுக்கு கண் கிடையாது. ஆனாலும், பக்கத்தில் களை இருப்பதை அது தெரிந்துகொள்ளும்! எப்படி? பச்சை இலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில், சிவப்பு ஒளி குறைந்திருக்கும். இந்த மாற்றத்தை உணர்ந்ததும், நாற்று அவசரமாக உயரத் தொடங்கும். வேருக்குப் போக வேண்டிய சத்து, தண்டுக்குப் போய்விடும். களை தண்ணீரைத் திருடுவதற்கு முன்பே, பயிரின் வளர்ச்சி மாறிவிடுகிறது.

மருந்து தெளித்தால் போதாதா? கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கும் சாகாத பால்மர் அமரந்த், ஜார்ஜியா மாநிலத்தில் 2005ல் உறுதி செய்யப்பட்டது. அதனால், பயிரை மாற்றி மாற்றி விதைப்பது, விதை உதிரும் முன் களையைக் கையால் பிடுங்குவது என, பழைய வழிகளுக்கும் மவுசு வந்துவிட்டது.

'முளையிலேயே கிள்ளி எறி' என்று பெரியவர்கள் ஏன் சொல்கின்றனர் என்பது, இப்போது புரிகிறதா குட்டீஸ்?